டிராகன் குட்டி அக்காவைக் கொல்லுமா? ஏழாம் அத்தியாயத்தில் நின்ற கதைக்கு

குகையில் இருக்கும் அக்காவைக் கொல்லச் சொல்லி அரசி கட்டளையிட்டுவிட்டாள்; டிராகன் குட்டி கொல்வதா, தப்பி ஓடுவதா என்ற இடத்தில் உங்கள் கதை நிற்கிறது. கொல்லவும் வேண்டாம், தப்பி ஓடவும் வேண்டாம். உங்கள் குட்டி அரசியிடம் போய், "அக்கா குகையில் இல்லை" என்று ஒரு பொய் சொல்லட்டும். கதை நகரும்.

சிக்கல் அரசியிடம்தான் என்று தோன்றுகிறது. அக்காவுக்குக் கிழிந்த சிறகு, தாலாட்டு எல்லாம் உண்டு; அரசி வெறும் கட்டளை. கம்பனின் கும்பகர்ணனைப் பாருங்கள். அண்ணன் இராவணன் செய்தது தப்பு என்று நேரிலேயே சொல்கிறான். ஆனால் தம்பி வீடணன் வந்து இராமன் பக்கம் கூப்பிட்டும் போகவில்லை, வளர்த்தவனுக்காகச் சாகிறான். அந்தச் சோற்றுக்கடன் உங்கள் கதையில் எங்கே?

அரசி குட்டிக்கு முதல் இறைச்சித் துண்டை ஊட்டுவதைப் பத்து வரியில் எழுதிப் பாருங்கள். அப்புறம் அந்தப் பொய்யை எழுதும்போது உங்களுக்கே கை தயங்க வேண்டும்.

அரசியை ஏற்கெனவே கொடியவளாகக் காட்டியிருந்தால் இது ஒட்டாது. முந்தைய அத்தியாயங்களைத் திருத்த வேண்டியிருக்கும்.