பூத்துக்குள் யாருக்கு என்ன உரிமை? கேள்விகளும் பதில்களும்

ஓட்டுப்பதிவு நாளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். பல தேர்தல்களில் பூத் ஏஜென்டாக, அதாவது வாக்குச்சாவடிக்குள் வேட்பாளரின் ஆளாக உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அண்ணா, முதல்முறையாக பூத் ஏஜென்டாகப் போகிறேன். ஏழு மணிக்குத்தானே ஓட்டுப்பதிவு? ஆறே முக்காலுக்குப் போனால் போதுமா?

போதாது தம்பி. மாதிரி வாக்குப்பதிவு ஒன்றரை மணி நேரம் முன்பே, அதாவது ஐந்தரைக்கே தொடங்கிவிடும். ஏஜென்ட் வரவில்லை என்றால் கால் மணி நேரம் பார்ப்பார்கள், பிறகு ஆரம்பித்துவிடுவார்கள். குறைந்தது 50 ஓட்டு போட்டு, மெஷின் காட்டும் எண்ணிக்கையையும் விவிபாட் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டுகளையும் ஒப்பிடுவார்கள். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். அந்த 50 ஓட்டையும் மெஷினிலிருந்து அழித்தார்களா? 'டோட்டல்' பட்டனை அழுத்தினால் பூஜ்யம் காட்டுகிறதா? விவிபாட் பெட்டி காலியா? அழிக்க மறந்தால் மாதிரி ஓட்டும் உண்மை ஓட்டோடு சேர்ந்துவிடும். சீல் வைக்கும்போது பச்சைத் தாள் முத்திரையின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். படிவம் 10-ஐ மறக்காமல் எடுத்துப் போங்கள், அதுதான் உங்கள் நியமனக் கடிதம்.

கள்ள ஓட்டு போட வந்தவரை அடையாளம் தெரிந்தால் நான் தடுக்கலாமா?

கையைப் பிடிக்கக் கூடாது, கத்தவும் கூடாது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் 2 ரூபாய் கட்டி ஆட்சேபணை சொல்லுங்கள். ஆமாம், இன்றைக்கும் இரண்டே ரூபாய்தான். அவர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார். ஆள்மாறாட்டம் என்று தெரிந்தால் போலீசிடம் ஒப்படைப்பார்.

சார், போன தேர்தலில் நான் போவதற்குள் யாரோ என் ஓட்டைப் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன். வேறு என்ன செய்திருக்கலாம்?

தேர்தல் நடத்தை விதி 49பி-யின் (49P) கீழ் ஓட்டு கேட்டிருக்கலாம். ஒரு சினிமா வந்த பிறகு இந்த எண் எல்லோருக்கும் தெரியும், ஆனால் பூத்தில் வாய்திறந்து கேட்பவர்கள் குறைவு. நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று தலைமை அலுவலருக்குத் திருப்தியானால் தாளில் அச்சிட்ட வாக்குச்சீட்டு தருவார். முத்திரை குத்திக் கொடுத்தால் தனி உறையில் வைப்பார்கள். சாதாரண எண்ணிக்கையில் இது சேராது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்காக வீண் என்று நினைக்க வேண்டாம். 2008-ல் ராஜஸ்தான் நாத்துவாரா சட்டமன்றத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றபோது, இப்படிப்பட்ட சீட்டுகளைப் பற்றிய சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது.

நான் அழுத்திய சின்னம் ஒன்று, விவிபாட்டில் வேறு சின்னம் தெரிந்தால்?

சீட்டு 7 விநாடிதான் தெரியும், உற்றுப் பாருங்கள். மாறியிருந்தால் எழுத்துமூலம் உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஏஜென்டுகள் முன்னிலையில் சோதனை ஓட்டு போடச் சொல்வார்கள். புகார் உண்மையானால் அந்த மெஷினில் ஓட்டுப்பதிவு நிற்கும். பொய்யானால் தண்டனை உண்டு. இந்தத் தண்டனை பயத்தில் நிஜமாகவே குழப்பம் உள்ளவர்கூட வாய் திறப்பதில்லை. விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்பது என் கருத்து.

அம்மாவுக்கு 87 வயது. மாடிப்படி ஏற முடியாது.

85 வயது தாண்டியவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே தபால் ஓட்டு போடலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் படிவம் 12டி கொடுத்துவிடுங்கள். அலுவலர்கள் வீட்டுக்கே வருவார்கள். ஆனால் இதற்கு ஒப்புதல் வாங்கிவிட்டால் பூத்துக்குப் போய் ஓட்டு போட முடியாது.

வேலை முடிந்து வர ஆறு மணி ஆகிவிடும். கேட்டை மூடிவிடுவார்களே?

வேலை நாளாக இருந்தாலும் ஓட்டுக்காகச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்பது சட்டம், முதலாளியிடம் அதைக் கேளுங்கள். முடியும் நேரத்தில் வரிசையில் நின்றுவிட்டால் போதும். கடைசி ஆளிலிருந்து ஆரம்பித்து டோக்கன் கொடுத்து வருவார்கள். டோக்கன் வாங்கிய அத்தனை பேருக்கும் ஓட்டு உண்டு, இரவு ஆனாலும் சரி.

ஏஜென்டாக இருப்பவர் ஓட்டுப்பதிவு முடிந்ததும் கிளம்பலாமா?

படிவம் 17சி நகல் கையில் இல்லாமல் கிளம்பவே கூடாது. அந்த பூத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு, மெஷின் எண் என்ன, சீல் எண் என்ன எல்லாம் அதில்தான் இருக்கும். எண்ணும் நாளில் உங்கள் ஆள் அதை வைத்துத்தான் மேஜையில் கேள்வி கேட்க முடியும். பசியோடு வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

சிங்கப்பூரில் இருக்கிறேன் அண்ணே, இந்தியக் குடிமகன்தான். ஆன்லைனில் போடலாமா?

முடியாது. படிவம் 6ஏ மூலம் பெயரைச் சேர்த்துவிட்டு, ஒரிஜினல் பாஸ்போர்ட்டோடு உங்கள் ஊர் பூத்துக்கே வர வேண்டும். டிக்கெட்டை முன்னாலேயே போட்டுவிடுங்கள்.