ரேஞ்சு 420ன்னு போட்டிருக்கு, டர்பன்லேருந்து ஜோபர்க் ஒரே சார்ஜ்ல போய்டலாமா?

கேள்வி: அண்ணா வணக்கம். நாங்க டர்பன்ல, சாட்ஸ்வொர்த்ல இருக்கோம். ஜூன் கடைசில ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) பக்கம் லெனேஷியால சித்தப்பா பொண்ணு கல்யாணம், நாலு பேர் போறோம், பெட்டி வேற. வாடகைக்கு பிஒய்டி ஆட்டோ 3ன்னு ஒரு கரண்ட் கார் கிடைக்குதுன்னு வீட்டுக்காரர் சொல்றாரு. ரேஞ்சு 420 கிலோமீட்டராம், அப்ப வழியில ஒரு தடவை சார்ஜ் போட்டா போதும்தானே? 150 கிலோவாட் சார்ஜர்ல கால் மணி நேரத்துல ஏறிடும்னு தம்பி சொல்றான், நிஜமா?

பதில்: ஒரு தடவை பத்தாதும்மா. ரெண்டு தடவை கண்டிப்பா போடணும், பசங்களோட போறதுன்னா மூணுன்னே வெச்சுக்கோங்க.

ஏன்னு சொல்றேன். அந்தக் காரோட பேட்டரி 60 யூனிட், உங்க வீட்டு ப்ரீபெய்டு மீட்டர்ல ஓடுதே அதே யூனிட்தான். 420ன்றது டெஸ்ட்ல வந்த கணக்கு, அந்த டெஸ்ட்டோட சராசரி வேகமே மணிக்கு 46 கிலோமீட்டர் சுமாருக்குதான், அதுவும் 23 டிகிரி இதமான சூட்டுல ஓட்டினது. நீங்க என்3 நெடுஞ்சாலைல 120 வேகத்துல போவீங்க, ஜூன் குளிருக்கு ஹீட்டர் வேற ஓடும், அப்ப 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் போயிடும்னு வெச்சுக்கோங்க. சமதரையிலயே 300தான் வரும்.

ஆனா ரோடு சமதரை இல்லையே! டர்பன் கடல் மட்டம், ஜோபர்க் 1,700 மீட்டருக்கு மேல. ஆள், பெட்டி எல்லாம் சேர்த்து 2,100 கிலோவை அவ்ளோ உயரம் தூக்க மட்டும் கிட்டத்தட்ட 10 யூனிட் வேணும், அதாவது 50 கிலோமீட்டர் ஓட்டம் அப்படியே மலைக்குப் போயிடுது. அதுல பெரும்பங்கு மூய் ரிவர் வர்றதுக்குள்ளயே, முதல் 150 கிலோமீட்டர்லயே போயிடும், ஏன்னா அந்த ஊரே கிட்டத்தட்ட 1,400 மீட்டர்ல இருக்கு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டினதும் பர்சென்ட் சரசரன்னு இறங்குறதைப் பார்த்து வண்டி ரிப்பேர்னு பயந்துடாதீங்க. திரும்பி வரும்போது இறக்கம், அதே வண்டி நல்லாவே ஓடும். போகும்போது 120க்கு பதிலா 100ல போங்க, 120ல காத்து எதிர்ப்பு மட்டுமே 44 சதவீதம் கூட.

இப்ப தம்பி சொன்னது. சார்ஜர் 150ஆ இருந்தாலும் கார் எவ்ளோ வாங்குமோ அவ்ளோதான் ஏறும், ஆட்டோ 3 அதிகபட்சம் வாங்குறது 88 கிலோவாட். அதுவும் கடைசி வரைக்கும் கிடையாது, பேட்டரி 80 சதவீதம் தாண்டினா ரொம்ப மெதுவாயிடும். அதனால 100க்கு வெயிட் பண்ணாம 80ல கழட்டிட்டுக் கிளம்பிடுங்க. 30லேருந்து 80 வரைக்கும் கம்பெனி சொல்றது அரை மணி நேரம், நீங்க 40 நிமிஷம்னு போட்டுக்கோங்க. சில இடத்துல ஒரே மிஷின்ல ரெண்டு கார் மாட்டினா பவர் பாதி பாதியா பிரிஞ்சிடும், பக்கத்துல வேற மிஷின் காலியா இருந்தா அங்க போயிடுங்க.

குளிர் விஷயத்துல நான் பட்டதைச் சொல்றேன். வழியில ஹாரிஸ்மித் ஊர்ல ராத்திரி தங்கினோம், காலைல போட்டுக்கலாம்னு சார்ஜ் போடாம தூங்கிட்டேன். காலைல ஆறு மணிக்கு கண்ணாடி மேல வெள்ளையா உறைபனி, 60 கிலோவாட் சார்ஜர்ல மாட்டினா ஸ்க்ரீன்ல 24 கிலோவாட்னு காட்டுது, கையைத் தேய்ச்சிக்கிட்டு நிக்கிறேன், நகரவே மாட்டேங்குது. பேட்டரி சில்லுனு இருந்தா கரண்டை வேகமா வாங்காது. அதனால தங்குறதா இருந்தா ஊர் போய்ச் சேர்ந்த உடனே, ஓடி வந்த சூடு ஆறுறதுக்குள்ள போட்டுடுங்க, அப்புறம் சாப்பிடப் போகலாம்.

லெனேஷியால சித்தப்பா வீட்டு பிளக்ல மாட்டினா ராத்திரி பூரா 18, 20 யூனிட் ஏறும், கல்யாண வேலைக்கு ஊருக்குள்ள சுத்த அதுவே தாராளம். ஆனா வீட்டு பிளக்ல மாட்டுற கேபிள் டிக்கியில இருக்கான்னு வண்டி எடுக்கும்போதே திறந்து பாருங்க. எனக்கு ஒரு வாடகைக் கம்பெனி 62 சதவீதத்துல வண்டியைக் குடுத்துச்சு, கேபிளும் இல்ல, சார்ஜ் கார்டும் இல்ல, கேட்டா ஆப் போட்டுக்கோங்கன்னாங்க, வழியில நின்னு ஆப்ல கணக்கு திறக்கவே எனக்கு அரை மணி நேரம் போச்சு. நீங்க வீட்லயே ஆப்பை இறக்கி பேங்க் கார்டை சேர்த்துடுங்க. எத்தனை சதவீதத்துல திருப்பிக் குடுக்கணும், குறைஞ்சா எவ்ளோ பிடிப்பாங்கன்னு எழுத்துல வாங்கிக்கோங்க, எடுக்கும்போதும் குடுக்கும்போதும் டாஷ்போர்டை போட்டோ எடுத்துக்கோங்க.