டாக்டரிடம் பேச மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது!

(ஜூலை 2020-ல் வந்த கடிதம்)

வணக்கம் மேடம். எங்களுக்கு திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். நான் தனியார் பள்ளி ஆசிரியை, ஏப்ரலிலிருந்து சம்பளம் இல்லை. ரெண்டு வருஷமாக மன அழுத்தத்துக்கு மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டி எஸ்சிட்டலோப்ராம் சாப்பிடுகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை, தோழியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் வருவேன். இப்போது பஸ் இல்லை. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும், மருத்துவம் என்று போட்டால் என்ன ஏது என்று வீட்டில் கேட்பார்கள்.

போனில் பார்க்கிறேன் என்றார் டாக்டர். அது வைத்தியமா மேடம்? நேரில் அரைமணி நேரம் கேட்பவர் இப்போது அஞ்சே நிமிஷத்தில் வைத்துவிடுகிறார். தூக்கம் வராத நாளுக்கு முன்பு எழுதித் தந்த அல்பிரசோலத்தைக் கேட்டால் போனில் தரமாட்டாராம், என்னவோ நான் போதைக்கு அலைகிற மாதிரி. வாட்ஸ்அப்பில் வரும் சீட்டை மருந்துக்கடைக்காரர் சந்தேகமாகப் பார்க்கிறார். திருப்பூர் கம்பெனி மூடியதில் வீட்டுக்காரரும் வந்துவிட்டார், மாமியார், கொழுந்தன் என்று எந்நேரமும் ஆள். மொட்டை மாடியில்தான் சிக்னல் கிடைக்கிறது, தனியாக இருக்க முடிகிற இடமும் அதுதான். நான் பேசும்போது ஒன்பது வயது மகள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள், யாராவது ஏறி வந்தால் துணிக்குத்தான் வந்த மாதிரி “அம்மா, கிளிப் போதுமா?” என்று சத்தம் கொடுப்பாள், சமர்த்து, போன வாரம் “பெரியவளானா எனக்கும் இந்த மாத்திரை வருமா”னு கேட்டாள், சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்த அஞ்சு நிமிஷத்திலும் டாக்டர் காதுகொடுத்துக் கேட்பதில்லை என்பதுதான் வேதனை. மாமியார் வேறு, வீட்டில் சும்மா இருக்கிறவளுக்கு என்ன சோர்வு என்கிறார். அவருக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். டாக்டரை மாற்றவா? இல்லை, கொரோனா முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடவா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டாக்டர், மருந்துக்கடை, மாமியார் எல்லோரைப் பற்றியும் விரிவாக எழுதிவிட்டு மகளுக்கு ஒரே ஒரு வாக்கியம் தந்திருக்கிறீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

அந்தப் பிள்ளை காவல் இருக்கிறாள். அப்பாவுக்கும் அப்பத்தாவுக்கும் தெரியக்கூடாத ஏதோ ஒன்று அம்மாவிடம் இருக்கிறது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். யாருக்குப் போன் போட்டாலும் முதலில் கொரோனா அறிவிப்பு கேட்கிற காலம் இது, டிவியிலும் ஒட்டிக்கொள்கிற நோயைப் பற்றித்தான் பேச்சு. இந்த நேரத்தில் எனக்கும் வருமா என்று குழந்தை கேட்டால் அது சிரித்துச் சமாளிக்கிற கேள்வி இல்லை. இன்றைக்கே சொல்லுங்கள்: “அம்மாவுக்கு மனசு ரொம்ப சோர்ந்துபோகுது, அதுக்குத்தான் மாத்திரை. இது தொட்டா ஒட்டாது, உன்னால வந்ததும் இல்ல. இனிமே நீ படியில உட்கார வேண்டாம்.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் யார் காவல் என்பீர்கள். ரெண்டு வருஷமாக உங்கள் வைத்தியம் முழுக்க வீட்டுக்கு வெளியிலேயே நடந்திருக்கிறது, ஊரடங்கு வந்ததும் வீட்டுக்குள் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. நாளைக்கே பஸ் ஓடினாலும் அந்த இடம் தானாக வந்துவிடாது. இன்னொன்றும் கவனித்தேன், இத்தனை பேர் மேல் குறை சொல்கிற கடிதத்தில் வீட்டுக்காரர் மேல் ஒரு குறைகூட இல்லை. அவரிடம் சொன்னால் அடிப்பார், விரட்டுவார் என்று நிஜமாகவே பயம் இருந்தால் சொல்ல வேண்டாம், முதலில் அதை எனக்கு எழுதுங்கள். வெறும் கூச்சம் என்றால், அந்தக் கூச்சத்துக்கு வட்டி கட்டுவது உங்கள் மகள். கம்பெனி மூடி வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்குத் தூக்கம் வராத இரவைப் பற்றி இந்த வருஷம் பெரிதாக விளக்க வேண்டியிருக்காது. மாமியாருக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டியதில்லை, அதையும் வீட்டுக்காரரிடமே சொல்லி வையுங்கள்.

டாக்டர் விஷயத்தில் நான் அவர் பக்கம். மார்ச் 25-ல் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, அல்பிரசோலம் போல போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளைப் போனில் எழுதக்கூடாது. உங்களைச் சந்தேகப்பட்டுச் சொன்னதில்லை அது. ஒரு கண்ணைப் படிக்கட்டில் வைத்துக்கொண்டு “ஆமா டாக்டர், சரி டாக்டர்” என்று நீங்கள் பேசினால் அவர்தான் என்ன கேட்பார்? அதே வழிகாட்டுதல் எழுத்தில் ஆலோசனை பெறுவதையும் அனுமதிக்கிறது, அதனால் தூக்கம், பசி, அழுகை எப்படி இருக்கிறது என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாமா என்று கேளுங்கள். கையெழுத்துப் போட்ட சீட்டின் படம் செல்லுபடியாகும், மருந்துக்கடைக்காரரிடம் தைரியமாகக் காட்டலாம்.

எஸ்சிட்டலோப்ராமை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலாம், தூக்கம் இன்னும் கெடலாம், பழைய சோர்வும் திரும்பலாம். டாக்டர் போனில் கிடைக்காத நாளில் அரசு மருத்துவ உதவி எண்ணான 104-க்குப் பேசுங்கள். நேரில்தான் பார்க்க வேண்டும் என்றால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறார், அதற்கு இ-பாஸ் தேவையில்லை. வண்டியில் கூட்டிப்போக ஓர் ஆள்தான் தேவை, வீட்டுக்காரரிடம் பேச்சை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.