பொண்ணு ஏஐ கோர்ஸ் சேர்ந்திருக்கா, என்ன லேப்டாப் வாங்கட்டும்னு கேட்ட அம்மாவுக்கு

வணக்கம்மா. உங்க மெசேஜை ரெண்டு தடவ படிச்சேன். பொண்ணுக்கு ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்ல சீட் கிடைச்சாச்சு, கிளாஸ் ஆரம்பிக்க இன்னும் மூணு வாரம் இருக்கு, அதுக்குள்ள சொந்தக்காரர் ஒருத்தர் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம இந்தப் படிப்பே படிக்க முடியாதுன்னுட்டார், பொண்ணு ஆப்பிளோட மேக் லேப்டாப்தான் வேணும்ங்கறா, கடைல இன்னைக்கே வாங்கினா பேக் ஃப்ரீங்கறாங்க, நீங்க கடன் வாங்கலாமான்னு யோசிக்கறீங்க. கடன் வாங்காதீங்கம்மா. இந்த மூணு வாரத்துல லேப்டாப்பும் வாங்காதீங்க.

மொத வருஷத்துல பெரும்பாலும் கணக்கு, இங்கிலீஷ், சி இல்லன்னா பைத்தான்ங்கற ப்ரோக்ராமிங் மொழில ஆரம்பப் பாடம், இவ்வளவுதான். அதுக்கு வீட்டுல அண்ணனோட பழைய லேப்டாப் இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அதுவே தாராளமா போதும். அது ரொம்ப ஸ்லோன்னு சொல்றீங்க, உள்ள இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும்னு நினைக்கறேன், அதைக் கழட்டிட்டு எஸ்எஸ்டின்னு வேகமான டிஸ்க் ஒண்ணு போடச் சொல்லுங்க, வேற மெஷின் மாதிரி ஆயிடும். ஒரு விஷயம் மட்டும் பாருங்க, விண்டோஸ் 10-க்கு வழக்கமான செக்யூரிட்டி அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட நின்னு போச்சு. இன்டெல் ப்ராசஸர் இருக்கற மெஷின்னா பொதுவா எட்டாவது தலைமுறைக்கு முந்தினதுல விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அனுமதிக்கறதில்ல. அப்படிப்பட்ட மெஷின்னா விண்டோஸுக்குப் பதிலா உபுண்டு போட்டுக் குடுங்க, அது லினக்ஸ்ல ஒரு வகை, இலவசம், அதோட அவ படிக்கப்போற துறைல சர்வர் எல்லாம் பெரும்பாலும் லினக்ஸ்லதான் ஓடுது, மொத வருஷத்துலயே கை பழகிட்டா அவளுக்குத்தான் லாபம்.

ஏன் காத்திருக்கச் சொல்றேன்னா, என்கிட்ட வர்ற பேரன்ட்ஸ் எல்லாரும் எந்த லேப்டாப் நல்லதுன்னு கேக்கறாங்க, அந்தக் கோர்ஸ்ல என்ன சாஃப்ட்வேர் ஓட்டப் போறாங்கன்னு யாரும் கேக்கறதில்ல. ஒரு அப்பா பையன் ஆர்க்கிடெக்சர் சேர்ந்த சந்தோஷத்துல கிளாஸ் தொடங்கறதுக்கு முன்னாடியே மேக் வாங்கிக் குடுத்துட்டார். அங்க போனா ரெவிட்னு கட்டட டிசைன் சாஃப்ட்வேர் கேக்கறாங்க, ரெவிட் விண்டோஸ்லதான் ஓடும், பழைய இன்டெல் மேக்னா பூட் கேம்ப்னு ஆப்பிளோட டூல் வச்சு விண்டோஸ் போடலாம், 2020 கடைசிலேர்ந்து வர்ற, ஆப்பிளோட சொந்த எம் சிப் இருக்கற மேக்ல அந்த வழியும் இல்ல. பையன் ஒரு வருஷம் ஃப்ரெண்டோட மெஷின்ல உக்காந்து வேலை முடிச்சான், அப்புறம் ரெண்டாவதா ஒண்ணு வாங்கினாங்க. அந்த அப்பா முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.

உங்க பொண்ணு கோர்ஸுக்கு மேக் தப்பில்ல, அதையும் சொல்லிடறேன். பைத்தான், அதை எழுதி ஓட்டற நோட்புக், கோட்ல செய்யற மாத்தங்களைச் சேமிச்சு வைக்கற கிட் எல்லாம் மேக்ல நல்லாவே ஓடும், பேட்டரியும் நாள் முழுக்க நிக்கும். ஆனா டேட்டா பாடத்துல பவர் பிஐ டெஸ்க்டாப்னு ரிப்போர்ட் போடற சாஃப்ட்வேர் கேட்டா அது விண்டோஸ்ல மட்டும்தான். அப்புறம் இப்ப வர்ற மேக்புக்ல வாங்கும்போது எவ்வளவு ரேம் (வேலை ஓடும்போது பயன்படற மெமரி) இருக்கோ கடைசி வரைக்கும் அவ்வளவுதான், பின்னாடி ஏத்தவே முடியாது. கடன் வாங்கித்தான் மேக்னா வேணாம்னு பொண்ணுகிட்ட நான் சொன்னதாவே சொல்லுங்க.

இப்ப கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்துக்கு வர்றேன், உங்க பயமே அதுலதான் இருக்கு. சொந்தக்காரர் சொன்னது முழுப் பொய் இல்ல. டீப் லேர்னிங்ல ஏஐ மாடலை ட்ரெயின் பண்ண, அதாவது டேட்டாவைக் காட்டிப் பழக்க, ஜிபியு வேணும், கிராஃபிக்ஸ் கார்டுல இருக்கற சிப்தான் அது, பெரும்பாலான பாடமும் டுடோரியலும் என்விடியா கம்பெனியோட குடாங்கற சாஃப்ட்வேரை வச்சுத்தான் இருக்கு, அதனால கார்டோட வாங்கறதுன்னா என்விடியாவா இருக்கணும். ஆனா அந்த ஜிபியு உங்க பொண்ணு பைக்குள்ளதான் இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லம்மா. கூகுள் கோலாப்னு ஒண்ணு இருக்கு, பிரவுசர்ல திறந்து கோட் எழுதினா கூகுளோட கம்ப்யூட்டர்ல ஓடும், இலவச அக்கவுன்ட்லயே பெரும்பாலும் டி4-னு ஒரு ஜிபியு குடுப்பாங்க, அதுல மெமரி 16 ஜிபி. கார்டோட வர்ற லேப்டாப்னா பெரும்பாலும் கேமிங் லேப்டாப்தான், அதுல ஆரம்ப விலைல வர்ற ஆர்டிஎக்ஸ் 3050-ங்கற என்விடியா கார்டுல 4 ஜிபி இல்லன்னா 6 ஜிபி, 4050-ல 6 ஜிபி. மாடல் பெருசானா மொதல்ல தீந்து போறது அந்த மெமரிதான். கோலாப்ல நேர வரம்பு உண்டு, நடுவுல கட் ஆகும், அப்பப்ப சேவ் பண்ணிக்கணும், அது ஒரு தொல்லைதான். ஆனா படிக்கற பசங்க ப்ராஜெக்ட்டுக்கு அது போதும், கேகிள்ங்கற வெப்சைட்லயும் அதே மாதிரி இலவசமா ஜிபியு கிடைக்கும். வேலைக்குப் போனா அங்கயும் பெரிய மாடலை லேப்டாப்ல ட்ரெயின் பண்ண மாட்டாங்க, சர்வர்லயோ கிளவுட்லயோதான் ஓட்டுவாங்க.

கேமிங் லேப்டாப்போட இன்னொரு பக்கத்தை யாரும் சொல்றதில்ல. வெயிட் ரெண்டு கிலோவுக்கு மேல, சார்ஜர் ஒரு செங்கல் மாதிரி தனியா, சார்ஜரைப் பிடுங்கினா கார்டு முழு வேகத்துல ஓடாது, பேட்டரியும் சீக்கிரம் இறங்கிடும், ஃபேன் சத்தம் வேற. தினமும் முதுகுல தூக்கப் போறது அவதான். என்கிட்ட வந்த பசங்கள்ல நிறைய பேர் ரெண்டு மாசம் தூக்கிட்டு அப்புறம் ரூம்லயே வச்சுட்டு கிளாஸுக்கு நோட்டோட போனவங்க.

அந்தக் காசை ரேம்ல போடுங்க. 16 ஜிபி வேணும், 8 வேணாம். டேட்டா படிக்கற பிள்ளை ஒரு பெரிய ஃபைலை பைத்தான்ல திறந்தா டிஸ்க்ல இருக்கற சைஸவிட மெமரில சில சமயம் பல மடங்கு இடம் எடுக்கும், பக்கத்துல பிரவுசர்ல இருபது டேப் வேற திறந்திருக்கும், 8 ஜிபி மெஷின் அங்க திணற ஆரம்பிக்கும். 8-தான் கைக்கு எட்டுதுன்னா, பின்னாடி ஏத்தற மாதிரி காலி ஸ்லாட் இருக்கான்னு கேளுங்க. மெலிசான லேப்டாப் நிறையதுல ரேமை போர்டுலயே ஒட்டிடறாங்க, கடைல நிக்கறவருக்கே பல சமயம் இது தெரியாது, கம்பெனி வெப்சைட்ல அந்த மாடல் நம்பரைப் போட்டுப் பாக்கணும்.

ப்ராசஸர்ல ஸ்டிக்கர் பாத்து ஏமாறாதீங்க. ஐ7 ஐ3-யவிடப் பெருசுன்னு நினைக்கறோம், ஆனா 2016-ல வந்த ஐ7-7500யு-ல ரெண்டே ரெண்டு கோர் (ப்ராசஸருக்குள்ள வேலை செய்யற பகுதி), பன்னெண்டாவது தலைமுறை ஐ3-1215யு-ல ஆறு கோர். பின்னாடி வர்ற நம்பர்தான் விஷயம். ஏஎம்டி கம்பெனி ப்ராசஸர்ல இதைவிடக் குழப்பம், ரைசன் 5 7520யு-ன்னு பாத்தா புதுசு மாதிரி இருக்கும், உள்ள இருக்கறது 2019-ல வந்த ஜென் 2-ங்கற பழைய டிசைன். அந்த 7000 வரிசைல மூணாவது எண்ணைப் பாருங்க, 2-ன்னா ஜென் 2, 7530யு மாதிரி 3-ன்னா ஜென் 3, 4-ன்னா ஜென் 4. ரெண்டு பெட்டி மேலயும் ரைசன் 5-ன்னுதான் போட்டிருக்கும், அதனால முழு நம்பரையும் எழுதி வாங்கிட்டு வாங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்றேன். எஸ்எஸ்டி 512 ஜிபி போதும் (விண்டோஸ்ல 476-ன்னு காட்டும், கணக்கு போடற முறை வேற, யாரும் ஏமாத்தல). ஸ்க்ரீன் ஐபிஎஸ்ங்கற வகையா, குறைஞ்சது ஃபுல் எச்டியா இருக்கணும், கடைல பக்கவாட்டுல நின்னு பாருங்க, கலர் வெளுத்துப் போச்சுன்னா வேணாம், நாலு வருஷம் அவ கண்ணு அதைத்தான் பாக்கப் போகுது. வெயிட் ஒன்றரை கிலோ பக்கம், பேட்டரி 50 வாட் ஹவர் இல்லன்னா அதுக்கு மேல. கீபோர்டுல பொண்ணையே உக்கார வச்சு ஒரு பத்தி டைப் பண்ணச் சொல்லுங்க. வாரன்டில கீழ விழுந்தா தண்ணி கொட்டினா கவர் ஆகுமான்னு தனியா கேளுங்க, சாதாரண வாரன்டில அது வராது, பேக் மவுஸுக்குப் பதிலா அந்தக் கவர் கேட்டுப் பாருங்க.

கிளாஸ் ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆனதும், மூணாம் வருஷம் படிக்கற சீனியர் ரெண்டு பேர்கிட்ட பொண்ணைப் போய்க் கேக்கச் சொல்லுங்க. லேப்ல என்னென்ன சாஃப்ட்வேர், லேப் மெஷின் க்ளாஸ் முடிஞ்சப்புறம் கிடைக்குமா, சொந்த லேப்டாப்ல எந்த வேலைக்குத் திணறினாங்க, இந்த மூணும் போதும். வெக்கப்படாம கேக்கட்டும், சீனியருங்க சந்தோஷமா சொல்லுவாங்க. அந்தப் பதிலையும் நீங்க பாத்து வச்சிருக்கற ரெண்டு மூணு மாடலோட முழு நம்பரையும் எனக்கு அனுப்புங்கம்மா, காசு கட்டறதுக்கு முன்னாடி நான் பாத்து சொல்றேன்.