ராணுவக் குடும்பங்களின் கேள்விகள்: அவசரச் செய்தியும் மோசடி அழைப்புகளும்

மாமனாருக்கு மாரடைப்பு. கணவர் லடாக்கில் இருக்கிறார், செல்போன் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் தந்தி கொடுப்பார்களாம். இப்போது எப்படிச் சொல்லி அனுப்புவது?
– வாசகி, வேலூர்

தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. இப்போது நேராக யூனிட்டுக்கு, அதாவது அவர் வேலை செய்யும் படைப்பிரிவுக்கு, போன் செய்வதுதான் வழி. அவர் நிற்கும் போஸ்ட்டில் செல்போன் சிக்னல் இல்லாவிட்டாலும், யூனிட்டிலிருந்து அங்கே பேச ராணுவத்துக்கென்று தனித் தொடர்பு உண்டு. கம்பெனியின் (யூனிட்டின் உட்பிரிவு) சீனியர் ஜேசிஓ (இளநிலை அதிகாரி), யூனிட்டின் மூத்த ஜேசிஓவான சுபேதார் மேஜர், நிர்வாகம் பார்க்கும் அட்ஜுடன்ட்டின் ஆபீஸ், இவர்களில் ஒருவர் கிடைத்தால் போதும்.

முதலில் கணவருடைய ராணுவ எண்ணைச் சொல்லுங்கள். கடைசியில் வரும் ஆங்கில எழுத்தை விட்டுவிடாதீர்கள். பிறகு ரேங்க், முழுப்பெயர், கம்பெனி. வெறும் பெயரைச் சொன்னால் ஒரே யூனிட்டில் நாலு குமார் இருப்பார்கள். அடுத்து நோயாளி அவருக்கு என்ன உறவு, எந்த மருத்துவமனை, எந்த வார்டு, டாக்டர் பெயர், திரும்ப அழைக்க இரண்டு எண்கள். லீவு கொடுப்பது யூனிட்டின் தலைமை அதிகாரியான சி.ஓ.வின் முடிவு. "ரொம்ப சீரியஸ், உடனே அனுப்புங்க" என்று அழுதுவிட்டு வைத்தால், அவர் முன் எடுத்துவைக்க யாரிடமும் விவரம் இருக்காது. மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் டாக்டரின் கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கிப் படமெடுத்து அனுப்புங்கள். நிலைமையைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம். விசாரித்துப் பொய்யென்று தெரிந்தால், அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் நம்பத் தயங்குவார்கள்.

யூனிட் கிடைக்கவே இல்லையென்றால், வீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது வெலிங்டனில், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூருவில் இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் அணுகலாம். பெயரில் 'முன்னாள்' இருந்தாலும், பணியில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கும் உதவுவார்கள்.

"உங்கள் மகனுக்குக் குண்டடி, ஆபரேஷனுக்கு உடனே பணம் போடுங்கள்" என்று மேஜர் என்று சொல்லி ஒருவர் அழைத்தார். மகனின் பெயர், ஊர் எல்லாம் சரியாகச் சொன்னார்.
– ஒரு தாய், தேனி

மோசடி. காயம்பட்ட வீரரைக் கொண்டுபோவதும் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை தருவதும் அரசு செலவு. எந்த அதிகாரியும் குடும்பத்திடம் பணம் கேட்கமாட்டார். பெயரும் ஊரும் ஃபேஸ்புக்கிலேயே கிடைத்துவிடும். அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் யூனிட் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். அவர் கொடுக்கும் எண்ணுக்கு அழைத்தால் அவருடைய கூட்டாளிதான் எடுப்பார்.

பணம் கேட்காமல், "இப்போது எந்த இடத்தில் இருக்கிறார், யூனிட் எப்போது கிளம்புகிறது" என்று மட்டும் கேட்டால் அது இன்னும் ஆபத்து. அது உளவு வேலையாக இருக்கலாம். நிஜமான ரெக்கார்ட் ஆபீஸ் வீரர் எங்கே இருக்கிறார் என்று வீட்டில் கேட்காது. ஒன்றும் சொல்லாமல், வந்த எண்ணைக் குறித்து மகன் வழியாக யூனிட்டுக்குத் தெரிவியுங்கள்.

வீடு வாடகைக்கு விளம்பரம் கொடுத்தோம். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னவர் ஐடி கார்டு, கேன்டீன் கார்டு படமெல்லாம் அனுப்பி, அட்வான்ஸ் தர க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யச் சொல்கிறார்.
– வாசகர், மதுரை

செய்யாதீர்கள். பணம் வாங்க ஸ்கேனும் தேவையில்லை, யுபிஐ பின்னும் தேவையில்லை. பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும். "ராணுவக் கணக்கு இப்படித்தான், முதலில் 1 ரூபாய் அனுப்புங்கள், 2 ரூபாய் வரும்" என்பார்கள். உண்மையிலேயே வரும். நம்பிக்கை வந்த அடுத்த நிமிடம் பெரிய தொகைக்கான கோடு வரும்.

அவர்கள் அனுப்பும் கார்டு பல நேரம் நிஜமான வீரருடையதாகவே இருக்கும், வேறு எங்கோ கொடுத்த நகல் கைமாறி வந்திருக்கும். உங்கள் குடும்பத்தில் ராணுவத்தில் இருப்பவரின் கார்டு நகலைக் கொடுத்தே ஆகவேண்டிய இடத்தில், எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

அப்பா ஓய்வுபெற்ற ஹவில்தார். "ஸ்பர்ஷில் (ராணுவ ஓய்வூதிய இணையதளம்) லைஃப் சர்டிஃபிகேட் பாக்கி" என்று வாட்ஸ்அப்பில் வந்த ஆப்பை இன்ஸ்டால் செய்துவிட்டார்.
– மகள், திருநெல்வேலி

உடனே அந்த போனை ஃபிளைட் மோடில் போட்டு வைஃபையையும் அணையுங்கள். இப்படி வரும் ஏபிகே ஃபைல் (ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) ஓடிபி குறுஞ்செய்திகளைப் படித்து வேறிடத்துக்கு அனுப்பிவிடும். வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி கணக்கையும் கார்டையும் முடக்குங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும், ஏடிஎம்மில் எடுப்பதற்குள் பிடித்தால்தான் முடக்க முடியும். தொகை, நேரம், பரிவர்த்தனை எண் மூன்றும் கையில் இருக்கட்டும். லைஃப் சர்டிஃபிகேட்டை அரசின் டிஜிட்டல் முறையான ஜீவன் பிரமாண் வழியாகப் பொதுச் சேவை மையத்திலேயே கொடுக்கலாம்.

புதிதாகத் திருமணமானவள். நான் என்ன தயார் செய்து வைக்க வேண்டும்?
– வாசகி, கம்பம்

திருமணத்துக்குப் பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரங்களை ராணுவப் பதிவேட்டில் சேர்க்கும் உத்தரவு) வந்துவிட்டதா என்று கணவரிடம் கேளுங்கள். அது வராதவரை ராணுவப் பதிவேட்டில் மனைவி என்று உங்கள் பெயர் இருக்காது. அவசரத் தகவல் அவருடைய பெற்றோரின் பழைய எண்ணுக்குத்தான் போகும். பிறகு அவருடைய ராணுவ எண், யூனிட் முகவரி, யூனிட்டின் இரண்டு போன் எண்கள், ரெக்கார்ட் ஆபீஸ் எண் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி, மாமியாரிடம் ஒரு நகல் கொடுங்கள். போஸ்டிங் மாறும்போதெல்லாம் புதிதாக எழுதுங்கள். முகவரியில் ராணுவ அஞ்சலகத்தைக் குறிக்கும் 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஊர் பெயர் சேர்க்க வேண்டாம்.