குயின்ஸ்லாந்து அணைகளில் ரெட்கிளா பிடிக்க யாருக்காவது பணம் கட்ட வேண்டுமா?

ரெட்கிளா, யாபி இரண்டும் கொடுக்குள்ள நன்னீர் இறால் வகைகள். கூண்டு வைத்து அவற்றைப் பிடிப்பதற்கு குயின்ஸ்லாந்தில் அரசாங்கத்துக்கு ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. தூண்டில் போட்டால்தான், அதுவும் பட்டியலில் இருக்கும் அணைகளில் போட்டால்தான், அனுமதிச் சீட்டு வேண்டும். கரையில் நின்ற உங்களிடம் ஒருவர் வந்து கூண்டுக்கு இவ்வளவு என்று கேட்டு வாங்கிப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு கட்டணம் மீன்வளச் சட்டத்தில் கிடையாது.

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஆறாத மனத்தாங்கல் ஒன்று உண்டு, அதனால் நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

நீங்கள் குடும்பத்தோடு போயிருப்பீர்கள், பிள்ளைகள் பக்கத்தில் நின்றிருப்பார்கள், வம்பு வேண்டாம் என்று கொடுத்திருப்பீர்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். தற்காலிக விசாவில் இருக்கும் ஒருவருக்கு, பளிச்சென்ற மஞ்சள் சட்டை போட்ட எவர் வந்து எதிரில் நின்றாலும் நெஞ்சு படபடக்கும். அதைத் தெரிந்துகொண்டுதான் சிலர் கேட்கிறார்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் யாபி பிடிக்கக்கூட மீன்பிடிக் கட்டணமோ உரிமமோ வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் மேரன் என்ற இதே வகை இறாலைப் பிடிக்கத் தனி உரிமம், அதுவும் கோடையில் சில வாரங்கள் மட்டும். சிட்னியிலோ மெல்போர்னிலோ இருக்கும் சொந்தக்காரர் "உரிமம் இல்லாமல் போகாதே" என்று சொல்லியிருந்தால், அவர் ஊருக்கு அது சரி. குயின்ஸ்லாந்தில் பொழுதுபோக்காக மீன் பிடிப்பவருக்குப் பொதுவான உரிமம் என்று ஒன்று இல்லை. இங்கே இருப்பது சிப்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அணை மீன்பிடி அனுமதித் திட்டம் மட்டும்தான். 2000-இல் தொடங்கியது. சாமர்செட், வைவன்ஹோ, பூண்டூமா, வடக்கே டினாரூ என்று 60-க்கும் மேற்பட்ட அணைகள் அதில் இருக்கின்றன. 18 வயது நிரம்பியவர்கள் அங்கே தூண்டில் போட்டால் சீட்டு எடுக்க வேண்டும். இணையத்திலேயே வாங்கலாம்.

தூண்டிலுக்குப் பணம், கூண்டுக்கு இல்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. டினாரூவில் பிடிக்கும் பாரமுண்டி நம்ம ஊர் கொடுவாதான். அது முட்டையிட உப்புத் தண்ணீர் வேண்டும், அணைக்குள் பெருகாது. பாஸ் மீனும் அப்படித்தான். வருடா வருடம் குஞ்சு வாங்கி விட்டால்தான் அணையில் மீன் இருக்கும். அந்த வேலையை உள்ளூர்த் தன்னார்வக் குழுக்கள் செய்கின்றன, சீட்டுப் பணத்தில் பெரும்பகுதி அவர்களுக்குத்தான் போகிறது. ரெட்கிளாவுக்கு யாரும் குஞ்சு வாங்கி விட வேண்டாம். வடக்கே கார்பென்டேரியா வளைகுடாவில் போய்ச் சேரும் ஆறுகள்தான் அதன் பூர்வீகம், மனிதர் கைபட்டுத்தான் கிழக்குப் பக்கத்து அணைகளுக்கு வந்து சேர்ந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் தானே பெருகிக்கொள்ளும். ஒரு பெண் ரெட்கிளா வயிற்றடியில் நூற்றுக்கணக்கில் முட்டை சுமக்கும். பிடிப்பதால் அணைக்கு நஷ்டம் இல்லை. அப்புறம் எதற்குக் கட்டணம்?

ஒரு எச்சரிக்கை. கூண்டை இறக்கிவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் மகனின் தூண்டிலை வாங்கி நீங்கள் வீசினால், அந்த நிமிஷமே சீட்டு தேவைப்படும். "நான் இறால் பிடிக்கத்தான் வந்தேன்" என்பது அங்கே எடுபடாது. நம் ஆட்கள் பலர் அபராதம் கட்டுவது இந்த இடத்தில்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அணையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பிரிஸ்பேனிலிருந்து சில மணி நேரம் உள்ளே தள்ளி இருக்கும் அணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். சிவகங்கைப் பக்கம் எங்களுக்கு. கண்மாய் வற்றும் காலத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கும் ஊர். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினதும், ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் இறங்கும். அன்றைக்கு யாரும் யாரிடமும் காசு கேட்பதில்லை. மற்ற நாட்களில் மீன் பாசியை, அதாவது கண்மாய் மீனைப் பிடிக்கும் உரிமையை, ஏலம் எடுத்தவர் ராஜ்யம்தான். அப்பா சின்ன வயதில் ஏலக்காரரின் ஆளிடம் அடி வாங்கியிருக்கிறார், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வீட்டில் சொல்லப்படும் கதை அது. அதனால் அணைக்கரையில் காரை நிறுத்தியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இங்க பாசி ஏலம் யாருப்பா எடுத்திருக்காங்க?" என்பதுதான். "யாரும் எடுக்கல அப்பா, இது எல்லாருக்கும் பொது" என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு அவ்வளவு பெருமை.

கூண்டுகளில் அரைவேக்காட்டு உருளைக்கிழங்கும் கிர்ணிப்பழத் துண்டும் வைத்து இறக்கினோம். இறைச்சி வைத்தால் ஆமை வரும், ரெட்கிளாவுக்குக் காய்கறியே போதும். கூண்டுக்கு ஒன்றாகப் பெயர், முகவரி எழுதிய அட்டை கட்டியிருந்தேன். ஒரு ஆளுக்கு நான்கு கூண்டுதான் என்ற கணக்கையும் மீறவில்லை. சாயங்காலம் நான்கு சக்கர பைக்கில் ஒருவர் வந்தார். பக்கத்துக் கூடார விடுதியின் ஆள். நாங்கள் அங்கே தங்கவில்லை, அவர்களுடைய குளியலறைப் பக்கம்கூடப் போகவில்லை. பொதுப் படகுத்துறைக்குப் போகும் சாலையில் வந்து, அதற்கான நிறுத்துமிடத்தில் காரை விட்டுத் தண்ணீரோரமாக நடந்து வந்தவர்கள். அவர் ஆளுக்கு ஒரு கட்டணம், கூண்டுக்கு ஒரு கட்டணம் என்றார். ரொக்கமாக.

ரசீது தருவீர்களா என்று கேட்டேன். ரசீதுப் புத்தகம் அலுவலகத்தில் இருக்கிறது என்றார். சரி, அலுவலகத்துக்கே வந்து கட்டுகிறேன் என்றேன். அலுவலகம் மூடியாகிவிட்டது என்றார். எந்த விதிப்படி என்று கேட்டதற்கு, தண்ணீர் விளிம்பு வரை எங்கள் இடம், இஷ்டமில்லையென்றால் கூண்டை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றார். மனைவி "ஏங்க, விடுங்க" என்றாள். மச்சினன் "கொடுத்துத் தொலைங்க அத்தான், பிள்ளைங்க பயப்படுது" என்றான். அப்பாவுக்கு ஆங்கிலம் புரியாது. ஆனால் கரையில் நின்று ஒருவன் கைநீட்டிப் பேசுவதன் அர்த்தம் அவருக்கு நன்றாகவே புரியும். என் முகத்தைப் பார்த்தார், கூண்டுக் கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். கிளம்பத் தயாராகிவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்களுக்கு நாற்பது அடி தள்ளி வயதான வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று அதே கரையில் கூண்டு போட்டிருந்தது. அவர்களிடம் அந்த ஆள் போகவே இல்லை. அவர்களிடமும் இதே கட்டணம் வாங்குவீர்களா என்று சத்தமாகவே கேட்டேன். அந்த அம்மாவுக்குக் காதில் விழுந்துவிட்டது. எழுந்து வந்து, இத்தனை வருடமாக வருகிறோம், கூண்டுக்கு யாரும் எங்களிடம் பணம் கேட்டதில்லை என்று அந்த ஆளின் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவர் எதையோ முணுமுணுத்துக்கொண்டு பைக்கைத் திருப்பினார். நாங்கள் கிளம்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மீன்வளத் துறைக்கும் அணையை நிர்வகிப்பவர்களுக்கும் தனித்தனியாக எழுதினேன். கூண்டுக்குக் கட்டணம் எதுவும் இல்லை என்று துறையிலிருந்து பதில் வந்தது. படகுத்துறையும் அதை ஒட்டிய கரையும் பொதுமக்களுக்கானவை, குத்தகை நிலத்துக்குள் தங்குபவர்களிடமும் அங்கேயுள்ள வசதிகளைப் பயன்படுத்துபவர்களிடமும் மட்டும்தான் விடுதி பணம் வாங்கலாம் என்று அணைத் தரப்பில் சொன்னார்கள். அடுத்த முறை போனபோது குத்தகை எல்லை எதுவரை என்று பலகை வைத்திருந்தார்கள்.

பத்து இருபது டாலருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிலர் கேட்பீர்கள். தூண்டில் போடப் போகும்போது நான் சிப்ஸ் சீட்டு வாங்கித்தான் போகிறேன், மனமுவந்து வாங்குகிறேன். அந்தப் பணம் குஞ்சாக மாறி அதே தண்ணீருக்குள் போகிறது என்று தெரியும். கூடாரம் போட்டால் இடத்துக்குப் பணம் கட்டுகிறேன். கட்டணமே கூடாது என்பவன் இல்லை நான். ஆளைப் பார்த்துக் கேட்கிற கட்டணம் கூடாது என்கிறேன். எல்லாவற்றையும் இனவாதம் ஆக்குகிறாய் என்பவர்களுக்கும் ஒன்று: எனக்காக எழுந்து வந்து பேசியதும் ஒரு வெள்ளைக்கார அம்மாதான், அதை மறைக்காமல்தான் எழுதியிருக்கிறேன்.

இதைவிடக் கசப்பான ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த அணையில் பட்டதைவிட நம் ஆட்களிடம் பட்டதுதான் அதிகம். ஒரு பொங்கல் விருந்துக்கு ரெட்கிளா மிளகுப் பிரட்டல் செய்து கொண்டுபோனேன். எல்லாரும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். நானே பிடித்தது என்று சொன்னதும் ஒருவர், "நீங்க ஊர்ல என்ன ஆளுங்க?" என்று கேட்டார். கேட்ட தொனி எதற்கென்று தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. இன்னொருவர் என் மனைவியிடம், படித்த மனிதர் சேற்றில் நின்று இறால் அள்ளுவதை நீ சொல்லித் தடுக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். கடல் தாண்டி வந்தும் தட்டில் இருப்பதைத் தின்றுகொண்டே பிடித்தவன் என்ன சாதி என்று யோசிக்கிறார்கள். அணைக்கரையில் என் நிறத்தைப் பார்த்தவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? மீன் பிடிப்பது ஒரு தொழில், ஒரு அறிவு. என் மகளுக்குக் கூண்டு கட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், இனியும் கற்றுக்கொடுப்பேன்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். அடுத்த முறை யாராவது கேட்டால், எந்தக் கட்டணம், யாருக்குப் போகிறது என்று முதலில் கேளுங்கள். மீன்வளக் கண்காணிப்பு அதிகாரி என்றால் அடையாள அட்டை வைத்திருப்பார், அவர் கரையில் நின்று ரொக்கம் வாங்க மாட்டார். விடுதி ஆள் என்றால் நீங்கள் அவர்களுடைய நிலத்துக்குள் நிறுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். நிறுத்தியிருந்தால் பகல்நேரக் கட்டணம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, கட்டிவிட்டு ரசீது வாங்குங்கள். கூண்டுக்கு என்று கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.

உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்கட்டும். கூண்டின் நுழைவாய் வளையம் எவ்வளவு அகலம் இருக்கலாம் என்று விதி இருக்கிறது, அதைப் பார்த்து வாங்குங்கள். பிளாட்டிபஸ் என்ற நீர்வாழ் பாலூட்டியும் ஆமையும் உள்ளே மாட்டினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்துப்போகும். அதனால்தான் ஓப்பரா ஹவுஸ் என்று சொல்லப்படும் மூடிய வலைக் கூண்டை விக்டோரியாவில் 2019-லும் நியூ சவுத் வேல்ஸில் 2021-லும் தடை செய்தார்கள். அங்கிருந்து வருகிறவர்கள் பழைய கூண்டை மலிவாகத் தருகிறேன் என்றால் யோசித்து வாங்குங்கள். பிடித்ததை உயிரோடு கொண்டுபோய் வேறு குளத்திலோ ஓடையிலோ விடாதீர்கள், அதற்கு அபராதம் பெரிது.

ஏற்கெனவே கொடுத்த பணத்துக்கு, தேதியும் நேரமும் நின்ற இடமும் குறிப்பிட்டு விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி ரசீது கேளுங்கள். அணை நிர்வாகத்துக்கும் அதன் நகலை அனுப்புங்கள்.