காமன் பாட்டு கெசட்ட லெப்டொப்புல ஏத்தலாமா? வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: அண்ணே, எங்க தாத்தா தேயிலத் தோட்டத்துல காமன் கூத்துக்கு (மாசியில காமன், ரதி கதைய ஆடிப் பாடுறது) பாட்டுக்காரரா இருந்தவர். 1991ல அவர் பாடினத யாரோ டேப்ரெக்கோர்டர்ல புடிச்சது 3 கெசட் வீட்டுல இருக்கு. டவுன்ல சிடி அடிச்சுத் தர்ற கடைக்குக் குடுக்க பயமா இருக்கு. நானே லெப்டொப்புல ஏத்த முடியுமா, அதுக்கு காசில்லாம சொஃப்ட்வெயார் இருக்கா? (வாசகி, மஸ்கெலியா)

பதில்: குடுக்காதீங்க தங்கச்சி. நான் குடுத்தேன். எங்கப்பா தப்பு மேளம் அடிச்ச ஒரே ஒரு கெசட், ஒரு கடையில குடுத்தேன், "சத்தத்த நல்லா கிளீன் பண்ணித் தர்றோம்"னாங்க, வந்த சிடிய போட்டுப் பாத்தா தப்பு ஈரச் சாக்குல அடிச்ச மாதிரி தொம் தொம்னு கேக்குது, குச்சி தோல்ல படுற அந்த "சட்"டு எங்கயுமே இல்ல. கெசட்ட திருப்பிக் கேட்டா தேடிப் பாக்குறோம்னாங்க, இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. அதனாலதான் உங்க கேள்விக்கு கொஞ்சம் நீட்டியே பதில் எழுதுறேன்.

முதல்ல கெசட்ட போட்டுக் கேக்குற ஆசைய அடக்கிக்கிட்டு வெளிச்சத்துல புடிச்சு கண்ணாடிக்குள்ள பாருங்க. நம்ம பக்கத்துப் பனிக்கும் ஈரத்துக்கும் நாடா ஓரத்துல வெள்ளையா பொடி மாதிரி பூஞ்சணம் புடிச்சிருக்கும், அப்படி இருந்தா ஓட விடாதீங்க, அது டேப்ரெக்கோர்டர்ல நாடா உரசிப் போற ஹெட்ல ஒட்டி அடுத்த கெசட்டுக்கும் போயிரும். நாடா வெளிய தெரியிற வாய்ப்பக்கம் நடுவுல ஒரு சின்னப் பஞ்சுத்துண்டு இருக்கும், அது விழுந்திருந்தா பாட்டு மங்கலாத்தான் கேக்கும், பழைய வெத்துக் கெசட் ஒண்ணுல இருந்து கழட்டி மாத்திக்கலாம். டேப்ரெக்கோர்டர் ஹெட்ட காது குடையிற பஞ்சுக்குச்சியில ஸ்பிரிட் தொட்டு மெதுவா தொடைச்சு நல்லா காய விடுங்க. எல்லாம் சரின்னா கெசட்ட ஒரு தடவ முழுசா முன்னுக்கு ஓட்டி, திரும்ப பின்னுக்கு ஓட்டிட்டு அப்புறம் பிளே பண்ணுங்க, வருஷக்கணக்கா இறுகிக் கெடந்த நாடா அதுல இளகிக்கும்.

சொஃப்ட்வெயாருக்கு ஒடாசிட்டி போதும். 1999ல அமெரிக்காவுல கார்னெகி மெலன் யுனிவர்சிட்டியில டொமினிக் மஸோனி, ரொஜர் டான்னென்பெர்க்னு ரெண்டு பேர் தொடங்கி 2000ல வெளிய விட்டது, அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் இலவசம்தான், விண்டோஸ், மெக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். டேப்ரெக்கோர்டர் ஹெட்போன் ஓட்டையில இருந்து ரெண்டு பக்கமும் ஊசி இருக்கிற வயர் ஒண்ண லெப்டொப்புக்கு இழுக்கணும். இங்கதான் நெறையப் பேர் மாட்டுறாங்க, இப்ப வர்ற லெப்டொப்புல பெரும்பாலும் ஒரே ஓட்டைதான் இருக்கு, அதுல உள்ள போறது மைக் வழி, அது சின்னச் சத்தத்தக் கூட பெருசாக்கிப் புடிக்கும், அதனால பாட்டு கிழிஞ்சு போயிரும். லைன்-இன் (சத்தத்த பெருசாக்காம உள்ள எடுக்கிற ஓட்டை) இருக்கிற யுஎஸ்பி சவுண்ட் கார்ட் ஒண்ணு வாங்கினா நல்லது. அது இல்லாம மைக் வழியிலயேதான் எடுக்கணும்னா, ஹெட்செட்டுக்குன்னு வர்ற பிரிப்பு வயர் ஒண்ணு போட்டு டேப் வொலியூம ரொம்பக் குறைச்சு வைங்க. ஒடாசிட்டியில மேல ஓடுற சத்த மீட்டர் உச்சத்துல கூட மைனஸ் 6 டெசிபெல் பக்கத்துல நிக்கணும், பூச்சியத்த தொட்டா அந்த இடம் கிழிஞ்சதுதான், அப்புறம் எந்த சொஃப்ட்வெயாராலயும் முழுசா மீட்க ஏலாது. "ம்ம்ம்"னு ஒரு இரைச்சல் கூட வந்தா அது கரண்ட்டோட 50 ஹேர்ட்ஸ் சத்தம், லெப்டொப் சார்ஜர கழட்டிட்டு பெட்டரியில ஓட்டிப் பாருங்க, அநேகமா போயிரும்.

எடுத்த உடனே, ஒண்ணையும் வெட்டாம, ஒண்ணையும் கிளீன் பண்ணாம, வேவ் (சுருக்காத சத்த ஃபைல்) ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு போல்டர்ல பூட்டி வைங்க. 60 நிமிஷக் கெசட் ஸ்டீரியோவுல 600 எம்பி சொச்சம் வரும், மோனோன்னா பாதி. இடம் பத்தலன்னா ஃப்ளாக்னு இன்னொரு ஃபைல் வகையில வைங்க, ஒரு துளி கூட இழக்காம சுருக்கும். எம்பி3 சொந்தக்காரங்களுக்கு வட்ஸ்அப்ல அனுப்ப மட்டும்தான், 128 கேபிபிஎஸ் தரத்துல போட்டா நிமிஷத்துக்கு 1 எம்பி கணக்கு. பென்டிரைவ் ஒண்ணுல மட்டும் போட்டு வைக்கிற வேலையே வேணாம், ரெண்டு பிரதி, அதுல ஒண்ணு வேற வீட்டுல.

கிளீன் பண்றது பூட்டி வச்ச ஃபைல் மேல இல்ல, எப்பவும் அதுல இருந்து எடுத்த இன்னொரு பிரதி மேலதான். பாட்டு தொடங்குறதுக்கு முன்ன வெறும் "ஸ்ஸ்ஸ்" மட்டும் கேக்குற ஒரு ரெண்டு செக்கன் இருக்கும், அத செலக்ட் பண்ணி நொய்ஸ் ரிடக்‌ஷன்ல "கெட் நொய்ஸ் ப்ரொஃபைல்" அமுக்குங்க, எது இரைச்சல்னு அது அதுல இருந்துதான் படிக்கும், அப்புறம் முழுப் பாட்டையும் செலக்ட் பண்ணி ஓட்டணும். எத்தன டெசிபெல் குறைக்கணும்னு அங்க ஒரு எண் இருக்கும், அத 6ல வைங்க. தப்போட அந்த "சட்"டும் நாடாவோட "ஸ்ஸ்"ஸும் ஒரே மாதிரி உச்ச சுருதியிலதான் இருக்கு, இரைச்சல அதிகமா சுரண்டினா தப்பும் சேந்து போயிரும். கொஞ்சம் இரைச்சல் இருந்துட்டுப் போகட்டும், தாத்தா தொண்டை கமறுறது கேக்கணும்.

கேள்வி: பழைய லெப்டொப், 2 ஜிபி ரேம்தான். பாட்டுக் கேக்க எது நல்லது? (வாசகர், ஹட்டன்)

பதில்: எந்த ஃபைல குடுத்தாலும் பாடணும்னா வீஎல்சி, பாரிஸ்ல பொறியியல் படிச்ச மாணவர்கள் 1996ல ஆரம்பிச்சது. ஆனா ஆயிரக்கணக்குல பாட்டு வச்சிருக்கீங்கன்னா வீஎல்சி அடுக்கி வைக்கிறதுக்கு அவ்வளவு வசதியில்ல. விண்டோஸ்னா ஃபூபார்2000 போடுங்க, பாக்க அழகா இருக்காது, ஆனா உங்க மெஷினுக்கு பாரமே தெரியாது. கவர் படம், பிளேலிஸ்ட் எல்லாம் வேணும்னா மியூசிக்பீ. லினக்ஸ்னா ஸ்ட்ரோபெரி.

கேள்வி: ஃபோன்ல 3000 பாட்டு இருக்கு, பாதிக்கு பேர் கேள்விக்குறியா வருது, சிலதுல இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனும் கலந்து என்னமோ வருது. வைரஸா? (வாசகி, பண்டாரவளை)

பதில்: வைரஸ் இல்லங்க, எழுத்துப் பிரச்சின. பாட்டு ஃபைலுக்குள்ளயே பாட்டுப் பேர், பாடினவர், ஆல்பம்னு எழுதி வைக்க டேக்னு ஒரு இடம் இருக்கு. 1996ல வந்த முதல் டேக் மொத்தமே 128 பைட்தான், பாட்டுப் பேருக்கு 30 எழுத்து, தமிழ்னு ஒண்ணு இருக்குன்னே அதுக்குத் தெரியாது, அதான் கேள்விக்குறி. செமிகோலனோட வர்றது பாமினிங்கிற பழைய தமிழ் ஃபொன்ட். நம்ம நாட்டுல யூனிகோட் (எல்லா மெஷின்லயும் தமிழ் தமிழாவே தெரியிற எழுத்து முறை) வர்றதுக்கு முன்ன பாமினியிலதான டைப் பண்ணினோம், அது இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ் உருவத்த போத்தி வச்ச ஃபொன்ட், போர்வைய எடுத்தா கீழ இங்கிலீஷ்தான் இருக்கும். பாமினி யூனிகோட் மாற்றின்னு தேடினா ஒன்லைன்லயே இருக்கு, அதுல ஒட்டி மாத்தி எடுங்க, எம்பி3டேக்னு ஒரு இலவச சொஃப்ட்வெயார் இருக்கு அதுல போட்டு சேவ் பண்ணுங்க. ஒரே படத்துப் பாட்டு எல்லாத்தையும் ஒண்ணா செலக்ட் பண்ணி ஆல்பம் பேர ஒரே தடவையில போடலாம். விண்டோஸ் இல்லாதவங்க கிட்3 பாருங்க.

3000க்கும் கையால எழுதணுமான்னு கேப்பீங்க. மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட்னு ஒண்ணு இருக்கு, அது ஃபைல் பேர நம்பாம சத்தத்தோட கைரேகைய எடுத்து, உலகம் முழுக்க ஆக்கள் சும்மா சேவையா எழுதி வச்ச தகவலோட ஒப்பிட்டுப் பாக்கும். சினிமாப் பாட்டுல கொஞ்சத்த அது கண்டுபிடிச்சுத் தரும், எல்லாத்தையும் இல்ல.

மேல கேட்ட மஸ்கெலியா தங்கச்சியும் இத படிக்கணும். பிக்கார்ட் உங்க தாத்தாவ கண்டுபிடிக்காது. அந்தக் கைரேகை எந்த நாட்டுக் கொம்பியூட்டர்லயும் இல்ல. 3 கெசட்டையும் ஏத்திட்டு "டிராக் 1, டிராக் 2"ன்னு விட்டீங்கன்னா இன்னும் இருபது வருஷத்துல உங்க பிள்ளைக்கு அது யாரோ பாடின ஏதோ பாட்டு. பாடினவர்ங்கிற இடத்துல தாத்தாவோட முழுப் பேர், ஆல்பத்துல தோட்டம், டிவிஷன், மாசி 1991, பாட்டுப் பேர்ல அது காமன் நடுற கட்டமா, ரதி புலம்பலான்னு போடுங்க. கொமென்ட்னு ஒரு இடம் இருக்கும், அதுல தப்பு அடிச்சது யாரு, ரதியா ஆடினது யாரு, எந்த லயத்து (தோட்ட வீட்டு வரிச) முன்னால வச்சு புடிச்சதுன்னு எழுதுங்க. தெரியலன்னா பாட்டிகிட்ட போட்டுக் காட்டுங்க, குரல வச்சே சொல்லிருவாங்க. அவங்க இருக்கும்போதே கேட்டு எழுதிருங்க. ஒடாசிட்டியில ஓட விட்டு, ஒவ்வொரு பாட்டு தொடங்குற இடத்துலயும் கன்ட்ரோலும் எம்மும் அமுக்கி பேர் வச்சா, எக்ஸ்போர்ட் பண்ணும்போது மல்டிபிள் ஃபைல்ஸ்ல அந்தப் பேருலயே தனித்தனியா வெட்டித் தரும்.

கேள்வி: இலவசம்னா நம்பலாமா? (வாசகர், பதுளை)

பதில்: எங்க இருந்து எடுக்கிறீங்கன்னுதான் பாக்கணும். அந்தந்த சொஃப்ட்வெயாரோட சொந்த சைட்ல இருந்து எடுங்க, தேடும்போது மேல விளம்பரமா வர்ற டவுன்லோட் பட்டன தொடாதீங்க. ஒடாசிட்டிய 2021ல மியூஸ் குரூப் எடுத்தப்போ தகவல் சேகரிக்கிறாங்கன்னு பெரிய எதிர்ப்பு வந்திச்சு, அவங்களும் கொள்கைய திருத்தி எழுதினாங்க, இப்பவும் மூல நிரல (அந்த சொஃப்ட்வெயார எழுதின குறியீட்ட) யாரும் திறந்து பாக்கலாம். ஃபூபார், மியூசிக்பீ, எம்பி3டேக் இதெல்லாம் காசில்ல, ஆனா நிரல் திறந்ததும் இல்ல.

கேள்வி: வர்ற மாசியில எங்க தோட்டத்துக் கூத்த ஃபோன்ல ரெக்கோர்ட் பண்ணப் போறோம். ஏதாவது சொல்லுங்கண்ணே. (வாசகர், பொகவந்தலாவ)

பதில்: தப்புக்கு பக்கத்துல ஃபோன கொண்டு போகாதீங்க தம்பி, அது ஃபோன் மைக்க கிழிச்சிரும், நாலஞ்சு அடி தள்ளி பாடுறவர் பக்கமா வைங்க. ஃபோன்ல எடுத்த ஃபைல் எம்4ஏன்னு வந்தா விண்டோஸ்ல ஒடாசிட்டி சும்மா திறக்காது, எஃப்எஃப்எம்பெக்னு ஒரு துணை சொஃப்ட்வெயார சேத்துப் போட்டா திறக்கும். ஃபோன ஏரோபிளேன் மோட்ல போடுங்க, நடுவுல கோல் வந்தா அதோட ரெக்கோர்டிங் நின்னுரும். தொடங்கின உடனே, ஆட்டத்துக்கு முன்ன, பாடுறவரையும் தப்பு அடிக்கிறவங்களையும் அவங்க அவங்க வாயால பேர், தோட்டம், தேதி சொல்லச் சொல்லுங்க, டேக் அழிஞ்சு போனாலும் அந்தக் குரல் ஃபைலுக்குள்ளயே இருக்கும்.